காத்திருக்கும் பணத்தின் வட்டி யாருக்கு?

புனேயிலிருந்து பழைய மும்பை நெடுஞ்சாலையில் வடமேற்கே போனால் பிம்ப்ரி, சிஞ்ச்வட், ஆகுர்டி, நிக்டி என்று ஊர்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரும். இவற்றில் ஆகுர்டியில், ஒரே வளாகத்தின் முகவரியில், இரண்டு நிறுவனங்கள் பதிவாகியிருக்கின்றன. ஒன்று ஸ்கூட்டர் செய்த பஜாஜ் ஆட்டோ. மற்றொன்று 1987இல் அதிலிருந்து கிளைத்து, இன்று ‘வட்டியில்லாத் தவணை’ என்றதும் நாடு முழுக்க நினைவுக்கு வரும் பஜாஜ் ஃபைனான்ஸ். வட்டியில்லாமல் கிடைக்கும் கடனில் செலவைத் தள்ளிப் போட்டுவிட்டு, கைப்பணத்தை வங்கியில் வைத்து வட்டி பார்ப்பது கிரெடிட் கார்டு காலத்துச் சாமர்த்தியம் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். இந்த வளாகத்தின் அறுபது ஆண்டு வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. பணம் ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போகும் இடைவெளியில் விளையும் வட்டி, எப்போதும் விதியை எழுதும் இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவருக்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. வாடிக்கையாளருக்கு அது கிடைத்ததெல்லாம் விதிகளுக்கு நடுவே சில ஆண்டுகள் திறந்திருந்த இடுக்குகளில்தான்.

முதல் கட்டத்தில் பணம் எதிர்த்திசையில் ஓடியது. 1960களிலிருந்து 80கள் வரை இந்தியாவில் ஸ்கூட்டர் வேண்டுமென்றால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். உற்பத்தி அளவை உரிமம் கட்டிப்போட்டிருந்தது. 1972இல் வந்த பஜாஜின் சேத்தக் ஸ்கூட்டருக்குக் காத்திருப்பு பத்து ஆண்டுகள் வரை நீண்டதுண்டு. மகன் கல்லூரியில் சேரும்போது பதிவு செய்தால் அவன் கல்யாணத்துக்கு வண்டி வரும் என்பது அந்தக் காலத்துக் கணக்கு. இந்த ஏற்பாட்டின் பணப் பக்கம் இன்னும் தெளிவாகத் தெரிவது மாருதி காரில். 1983இல் பதிவு திறந்தபோது தலைக்குப் பத்தாயிரம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கட்டினார்கள். ஒரு காரும் சாலைக்கு வராத நிலையில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் சேர்ந்துவிட்டது. முதல் கார் கைமாறியது அந்த ஆண்டு டிசம்பரில். பொருளுக்கு முன்பே பணம் வந்தால் அந்த இடைவெளி விற்பவருடையது. வாங்குபவருக்கு அதில் ஆதாயம் ஏதாவது இருந்ததென்றால், தன் முறை வந்ததும் வண்டியை வாங்கிக் கூடுதல் விலைக்குக் கைமாற்றிவிடுவதுதான். காத்திருந்ததற்கான வட்டியை அவர் கள்ளச்சந்தையில் வசூலித்துக்கொண்டார் என்று சொன்னால் மிகையாகாது.

தாராளமயத்துக்குப் பிறகு வரிசை கலைந்தது. பொருள் முன்னால் வந்தது, பணம் பின்னால் போனது. இந்தியாவில் கிரெடிட் கார்டு 1980களின் தொடக்கத்திலேயே சென்ட்ரல் பேங்க், ஆந்திரா பேங்க் வழியாக அறிமுகமாகியிருந்தது. வாங்கிய நாளிலிருந்து ஐம்பது நாள் வரை வட்டி கிடையாது என்ற சலுகையும் இருந்தது. ஆனாலும் அந்த ஐம்பது நாளில் கைப்பணத்தை வங்கியில் வைத்துச் சம்பாதிக்க வழியில்லை. காரணம், அதிகம் பேசப்படாத ஒரு விதி. 2010 மார்ச் வரை சேமிப்புக் கணக்கில் வட்டி கணக்கிட்டது மாதத்தின் 10ஆம் தேதியிலிருந்து கடைசி நாள் வரை இருந்த மிகக் குறைந்த இருப்பின் மீது. ஒன்றாம் தேதி சம்பளமாக வந்து 28ஆம் தேதி கார்டு பில்லுக்குப் போன பணத்துக்கு ஒரு பைசா வட்டி இல்லை. விகிதமும் 2003 முதல் 3.5 சதவீதத்தில் நின்றது. 2010 ஏப்ரல் 1 முதல் தினசரி இருப்பின் மீது வட்டி கணக்கிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. 2011 அக்டோபர் 25 அன்று விகிதத்தை வங்கிகளின் விருப்பத்துக்கு விட்டது. உடனே யெஸ் பேங்க் போன்ற சில தனியார் வங்கிகள் 6 சதவீதம் என்றன. பிரிட்டனில் 2000களில், பூஜ்ய வட்டி கார்டில் எடுத்த பணத்தைச் சேமிப்பில் போடுவது நடுத்தர வர்க்கத்தின் பொழுதுபோக்காகவே இருந்தது. அங்கே 2009 மார்ச்சில் அடிப்படை வட்டி 0.5 சதவீதத்துக்கு விழுந்ததும் அது படுத்துவிட்டது. அங்கே முடிந்த பிறகுதான் இங்கே தொடங்கவே முடிந்தது.

தொடங்கியதும் இடுக்கைத் தேடிப் பிடித்தார்கள். நம் கார்டில் ரொக்கம் எடுத்தால் கட்டணமும் உண்டு, முதல் நாளிலிருந்தே வட்டியும் உண்டு. எனவே கார்டிலிருந்து வங்கிக் கணக்குக்குப் பணத்தைக் கொண்டுபோக ஒரு சுற்றுவழி தேவைப்பட்டது. 2016 நவம்பர் பணமதிப்பிழப்பை ஒட்டிய மாதங்களில் அது கைப்பேசிப் பணப்பை வடிவில் வந்தது: கார்டால் பேடிஎம்மை நிரப்பு, அங்கிருந்து வங்கிக்கு அனுப்பு, வட்டியில்லாத நாள்களை அனுபவி, கார்டின் பரிசுப் புள்ளிகளையும் வாங்கிக்கொள். இப்படிச் சுழற்றுபவர்களைக் காரணம் காட்டி 2017 மார்ச்சில் பேடிஎம் 2 சதவீதக் கட்டணம் அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் உடனே பின்வாங்கியது; பின்னாளில் கட்டணம் வந்தே தீர்ந்தது. அடுத்த இடுக்கு வீட்டு வாடகை. உறவினரையோ நண்பரையோ ‘வீட்டுக்காரர்’ ஆக்கி, கார்டில் வாடகை கட்டிப் பணத்தைத் திரும்பப் பெற்றார்கள். 2022 அக்டோபரில் ஐசிஐசிஐ வங்கி வாடகைக்கு 1 சதவீதம் விதித்தது. மற்ற வங்கிகளும் தொடர்ந்தன. ஐம்பது நாள் பணத்துக்கு 6 சதவீத ஆண்டு வட்டி என்றாலே 0.8 சதவீதம்தான் வரும். ஒரு சதவீதக் கட்டணம் போதும், விளையாட்டு முடிந்தது.

ஆகுர்டியின் பஜாஜ் ஃபைனான்ஸ் போன பாதை வேறு. டிவியோ குளிர்பெட்டியோ வாங்குபவருக்குத் தவணையில் வட்டி இல்லை; அந்த வட்டியைத் தயாரிப்பாளரோ கடைக்காரரோ கழிவாகக் கொடுத்துவிடுகிறார். 2013 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, பூஜ்ய வட்டி என்ற ஒன்றே கிடையாது, வட்டி வேறு கட்டணத்துக்குள் ஒளிந்திருக்கிறது என்று சொல்லி, கிரெடிட் கார்டுகளில் அத்தகைய திட்டங்களைத் தடுத்தது. அந்தச் சுற்றறிக்கை வங்கிகளுக்கு. வங்கியல்லாத நிதி நிறுவனத்துக்கு அல்ல. ஆகுர்டிக்குச் சந்தை இன்னும் விரிந்தது.

இதில் வாடிக்கையாளருக்கு என்ன மிஞ்சும்? 60,000 ரூபாய் கைப்பேசியை மாதம் 5,000 வீதம் பன்னிரண்டு தவணையில் வாங்குகிறார், முழுப் பணத்தையும் வங்கியில் வைத்துக்கொண்டு மாதாமாதம் எடுத்துக் கட்டுகிறார் என்று கொள்வோம். இருப்பு குறைந்துகொண்டே போவதால் 3 சதவீத வட்டியில் ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது 975 ரூபாய். கார்டில் எடுக்கும் ‘வட்டியில்லாத் தவணை’யில் வங்கி 15 சதவீதம் வட்டி போட்டு அதைக் கடை தள்ளுபடியாக ஈடுகட்டுகிறது என்றால், அந்த வட்டி சுமார் 4,600 ரூபாய், அதன் மீதான 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறத்தாழ 828, வாடிக்கையாளர் தலையில். செயலாக்கக் கட்டணமாக 199 ரூபாயும் அதற்கான வரியும் சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டுகிறது. சம்பாதித்ததை விடச் செலவு கூடுதல். 7 சதவீதம் கிடைத்தால் 2,275 வரும், உண்மைதான். ஆனால் மாதாமாதம் எடுக்க வேண்டிய பணத்துக்கு அந்த விகிதம் எளிதில் கிடைப்பதில்லை.

தொகை அற்பம், ஒழுங்காகத் திட்டமிடுபவர் நாலு காசு பார்த்தால் யாருக்கு நஷ்டம் என்று கேட்கலாம். தவணைக்கும் ரொக்கத்துக்கும் கடையில் ஒரே விலை என்றால், தயாரிப்பாளர் கொடுத்த வட்டி அந்த விலைக்குள்தான் இருக்கிறது. ரொக்கம் கொடுத்தவரும் அதைச் சேர்த்தே கொடுக்கிறார். கார்டு தேய்ப்புக்காகக் கடைக்காரர் வங்கிக்குத் தரும் இரண்டு சதவீத அளவிலான கழிவும் அப்படித்தான். ஆக, தவணைக்காரரின் ஆதாயத்தில் ஒரு பகுதி, கார்டே கிடைக்காத, சம்பளச் சீட்டு காட்ட முடியாத ஆளின் பையிலிருந்து வருகிறது. கழிவு இல்லாவிட்டாலும் கடைக்காரர் விலையைக் குறைக்கப் போவதில்லை என்பது இதற்கான வழக்கமான பதில். சில பொருள்களில் அது சரி. ஆனால் பேரம் பேசத் தெரிந்தவர் ரொக்கத்துக்குத் தள்ளுபடி கேட்டு வாங்கிவிடுகிறாரே, அந்த இடம் எங்கிருந்து வந்தது?

சீட்டுப் பிடிக்கும் நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. அவசரத்துக்குச் சீட்டைத் தள்ளி எடுப்பவரின் இழப்புதான் கடைசிவரை பொறுப்பவரின் கழிவு. ஆனால் சீட்டில் இழப்பவர் யார், பெறுபவர் யார் என்பது எல்லோருக்கும் முகம் தெரிந்த கணக்கு. கார்டில் முகம் தெரிவதில்லை. பில்லை முழுதாகக் கட்டத் தவறியவர் மாதம் 3.5 சதவீத அளவில் வட்டி தருகிறார். 60,000 ரூபாய் நிலுவைக்கு ஒரு மாத வட்டியும் வரியும் 2,478 ரூபாய். மேலே சொன்ன சாமர்த்தியசாலி 7 சதவீதத்தில் ஓராண்டு முழுக்கச் சேர்த்ததை விட அதிகம். தவறுபவர்கள் இருப்பதால்தான் தவறாதவர்களுக்கு ஐம்பது நாள் இலவசம். வங்கிகள் ஏமாறவில்லை, தவறாதவர்களும் என்றாவது ஒரு மாதம் தவறுவார்கள் என்பதும் அவர்கள் கணக்கில் உண்டு.

2023 நவம்பரில் பஜாஜ் ஃபைனான்ஸின் இணைய வணிகக் கடன், இன்ஸ்டா இஎம்ஐ கார்டு ஆகிய இரண்டிலும் புதுக் கடன் கொடுப்பதை ரிசர்வ் வங்கி நிறுத்திவைத்தது. கடனின் முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கையை வாடிக்கையாளர்களுக்கு முறையாகக் கொடுக்கவில்லை என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் முதன்மையானது. குறைகள் களையப்பட்டதாகக் கருதி 2024 மே மாதம் தடையை நீக்கியது. மறுபக்கம், 2025 ஜூனில் ஸ்டேட் வங்கியின் சேமிப்பு வட்டி 2.5 சதவீதமானது. அந்த விகிதத்தில் நம் 60,000 ரூபாய்க் கைப்பேசிக்கு ஆண்டு முழுவதற்கும் கிடைப்பது 812 ரூபாய். தவணை வட்டி மீதான ஜிஎஸ்டிக்கே அது போதாது.