கண்ணெதிரே நின்ற மரங்கள்: கெடா தோட்டமும் கூட்டுறவு நம்பிக்கையும்

மலேசியத் தமிழரின் பொருளியல் முயற்சிகளை ஆராய்வோர், மக்கள் வைத்த நம்பிக்கையைத் தலைவரின் நாணயத்தைக் கொண்டே அளக்கிறார்கள். தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் வேரூன்றியது அதை நிறுவிய துன் வீ.தி. சம்பந்தனின் பெயரால் என்பது வழக்கமான விளக்கம். சங்கம் முதன்முதலாக வாங்கிய கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை வைத்துப் பார்த்தால், இவ்விளக்கம் பாதிதான் பொருந்துகிறது.

1957 விடுதலையையொட்டி வெள்ளைக்கார முதலாளிகள் பலர் ரப்பர்த் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினர். வாங்கியவர்கள் நிலத்தைக் கூறுபோட்டு விற்றனர். 1951 முதல் 1960 வரையிலான இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் விரிவாக ஆராய்ந்திருக்கிறார். தோட்டம் கைமாறியபோது பால் வெட்டும் வேலையோடு லயத்து வீடும் பறிபோனது. தமிழ்ப்பள்ளியும் கோயிலும் ஆளற்றுப் போகும் நிலை வந்தது. சம்பள நாளை நம்பி அரிசியும் பருப்பும் கடனாகக் கொடுத்த கடைக்காரரின் கணக்கும் ஆட்டங்கண்டது. தோட்டத்து வணிகம் முழுவதுமே அடுத்த மாதமும் இதே லயத்தில் இதே குடும்பம் இருக்கும் என்ற உறுதியில் நடந்தது. துண்டாடல் உடைத்தது அந்த உறுதியைத்தான்.

இதற்கு எதிராகத் தொழிலாளர்களே சேர்ந்து தோட்டம் வாங்க 1960இல் சங்கம் தோன்றியது. பங்கு 100 வெள்ளி. மாதம் பத்துப் பத்தாகக் கட்டலாம். நாட்கூலியில் வாழ்ந்த குடும்பத்துக்குப் பத்து வெள்ளி சிறு தொகையல்ல. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பேசினார். அவர் பேச்சுக்காகவே முதல் தவணை கட்டியவர்கள் இருந்திருப்பார்கள். ஆனால் 1961இல் புக்கிட் சிடிம் வாங்கப்பட்டபின் நிலைமை வேறு. கட்டிய பணம் மரமாக, நிலமாக நின்றது. அதை யாரும் போய்ப் பார்க்கலாம், அங்கே வேலை செய்பவரிடம் விசாரிக்கலாம். எழுத்தறியாத உறுப்பினரும் தணிக்கை செய்யக்கூடிய சொத்து அது. தலைவரின் வாக்கு கதவைத் திறந்தது. ஈடாக நின்றது தோட்டம்.

அமைச்சராகவும் மலேசிய இந்தியர் காங்கிரஸ் (ம.இ.கா.) தலைவராகவும் இருந்த சம்பந்தனின் அதிகாரமே உண்மையான ஈடு என்று மறுக்கலாம். அப்படியானால் மைக்கா ஹோல்டிங்ஸை எப்படி விளக்குவது? 1982இல் அதே கட்சியின் அடுத்த தலைமுறைத் தலைமை தொடங்கிய நிறுவனம் அது. அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் நூறு மில்லியன் ரிங்கிட்டுக்கு மேல் போட்டனர்; நகையை அடகு வைத்தவர்களும் உண்டு. 1990இல் மைக்காவுக்கென நடந்த டெலிகாம் பங்கு ஒதுக்கீடு பற்றிப் பின்னர் கேள்விகள் எழுந்தபோது, பங்குதாரர் கையில் இருந்தது சான்றிதழ் ஒன்றுதான். போய்ப் பார்க்க மரம் இல்லை. கூட்டுறவில் ஆளுக்கு ஒரு வாக்கு. நிறுவனத்தில் பங்குக்கு ஒரு வாக்கு. இந்த வேறுபாட்டைத் தொழிலாளிக்கு விளங்கும்படி யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை. அதை நான் சிறு குறையாகக் கருதவில்லை.

2010இல் மைக்காவின் ஒரு வெள்ளிப் பங்கை 80 சென்னுக்குத் தனியார் நிறுவனம் வாங்கிக்கொண்டது. முடங்கிய பணத்தில் பெரும்பகுதி திரும்பியது நல்லதே. ஆனால் இதை நம்பிக்கை மீட்பு என்று எழுதுவது பிழை. ஏறக்குறைய முப்பதாண்டுக் காத்திருப்புக்கு வட்டியும் இல்லை, நடந்ததற்கு விளக்கமும் இல்லை.

புக்கிட் சிடிம் தந்த பாடத்துக்கும் எல்லை உண்டு. 1996இல் அதே கெடாவின் கூலிமில் உயர்தொழில்நுட்பப் பூங்கா வந்தது. தோட்டப் பிள்ளைகள் சுங்கை பட்டாணி, கூலிம் தாமான்களுக்கு (வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்து தொழிற்சாலை வேலைக்குப் போயினர். தாத்தாவின் பங்கைப் பெற்ற பேரன் அந்த மரங்களைப் பார்த்ததே இல்லாமல் இருக்கலாம். அவனுக்கும் சங்கத்துக்கும் இடையே இப்போது மிஞ்சியிருப்பது ஆண்டறிக்கை. தாத்தா தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை அந்த அறிக்கை பேரனுக்குத் தெளிந்த தமிழில் சொல்கிறதா என்பதைத்தான் இனி ஆராய வேண்டும்.