ஜாரி கிராமத்து ஆல்பர்ட்

நம் கோவில் எழுந்த வரலாறும், பங்கை வழிநடத்திய குருக்களின் நினைவும் இம்மலரின் மற்றப் பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. இந்த ஒரு பக்கத்தை, நம் பங்கைச் சேராத, நம் மொழி அறியாத, ஆனால் நம்முடைய விசுவாசத்தில் வளர்ந்த ஓர் இளைஞருக்கு ஒதுக்கியுள்ளோம். ஆண்டுதோறும் டிசம்பர் 3ஆம் நாள் புனித சவேரியார் திருநாளைக் கொண்டாடுகிறோம். 1971ஆம் ஆண்டு அந்தத் திருநாளின் இரவிலே நடந்த சண்டையில் உயிர் நீத்தவர் லான்ஸ் நாயக் ஆல்பர்ட் எக்கா.

இன்றைய ஜார்க்கண்ட் மாநிலம் கும்லா மாவட்டத்தில் காடும் மேடுமான ஜாரி என்னும் சிற்றூரில் 27-12-1942 அன்று பிறந்தார். தந்தை ஜூலியஸ், தாய் மரியம். ஒராவோன் பழங்குடியினர். இம்மக்களிடையே விசுவாசம் பரவிய விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். 1885இல் பெல்ஜியம் நாட்டுச் சேசு சபைக் குருவான கான்ஸ்டன்ட் லீவன்ஸ் சோட்டா நாகபுரிக்கு வந்தார். ஜமீன்தார்களிடம் நிலத்தைப் பறிகொடுத்து, கூலியில்லா வேலையில் உழன்ற ஏழைகளைக் கண்டார். பிரசங்கத்தோடு நின்றுவிடாமல், நிலச் சட்டங்களைக் கற்று, அவர்களுடைய வழக்குகளுக்குத் துணை நின்றார். ஆயிரக்கணக்கானோர் திருமுழுக்குப் பெற்றனர். உழைத்து உழைத்துக் காசநோய் கண்டு, 1893இல் தம் 37ஆம் வயதிலேயே பெல்ஜியத்தில் காலமானார். ஆல்பர்ட் பிறந்தது, அவர் பாடுபட்ட அந்த மக்களிடையேதான்.

ஆல்பர்ட் வில்லேந்தி வேட்டையாடுவதில் கைதேர்ந்தவர். ஹாக்கி ஆட்டத்திலும் வல்லவர். சரியாக 20 வயது நிறைந்த நாளில், 27-12-1962 அன்று, பிகார் ரெஜிமென்டில் சேர்ந்தார். பின்னர் 1968இல் உருவான கார்ட்ஸ் படைப்பிரிவின் 14ஆவது பட்டாளத்துக்கு மாற்றப்பட்டார். மணமாகி ஓர் ஆண் குழந்தையும் பிறந்திருந்தது.

திரிபுராவின் அகர்தலாவுக்கு மேற்கே, அன்றைய கிழக்குப் பாகிஸ்தானில் கங்காசாகர் என்ற ரயில் நிலையம் உள்ளது. (வங்கத்தில் தீர்த்தமாடும் கங்காசாகர் வேறு.) அக்கௌரா நகருக்குச் செல்லும் வழியைக் காத்த அந்த இடத்தைப் பகைவர் பலமாக அரண் செய்திருந்தனர். அதைத் தாக்கிய முன்னணிக் கம்பெனியில் ஆல்பர்ட் இருந்தார். இலகு இயந்திரத் துப்பாக்கி ஒன்று நம்மவரைச் சாய்த்துக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பதுங்கு குழிக்குள் பாய்ந்து, துப்பாக்கி முனைக் கத்தியால் இருவரைக் குத்தி, அதன் வாயை அடைத்தார். அதிலே படுகாயமுற்றும் நிற்கவில்லை. ஒரு மைல் ஆழம்வரை, குழி குழியாகக் கைப்பற்றித் தோழர்களோடு முன்னேறினார்.

வடகோடியில் ஒரு கட்டிடத்தின் இரண்டாம் மாடியிலிருந்து மற்றொரு இயந்திரத் துப்பாக்கி சீறியது. பலர் வீழ்ந்தனர். ஆல்பர்ட் தவழ்ந்து சென்று கையெறி குண்டை வீசினார். ஒருவன் மடிந்தான், ஒருவன் காயமுற்றான். ஆனாலும் துப்பாக்கி ஓயவில்லை. பக்கச் சுவரில் ஏறி உள்ளே நுழைந்து, சுட்டுக்கொண்டிருந்தவனைக் கத்தியால் குத்தி வீழ்த்தினார். அதன் பிறகே அவருடைய காயங்கள் அவரை வென்றன. 29ஆவது பிறந்த நாளுக்கு மூன்று வாரங்களே இருந்தன.

இவற்றையெல்லாம் பங்கு மலரில் எழுதலாமா என்று நாமும் தயங்கினோம். அங்கே மாண்ட பகைவரும் ஒரு தாய் பெற்ற பிள்ளைகளே. ஆயினும் அந்தத் துப்பாக்கி ஓயாதிருந்தால் இன்னும் எத்தனை வீடுகளில் ஒப்பாரி கேட்டிருக்கும் என்பதையும் எண்ணிப் பார்த்தோம். நடந்ததை மறைத்து எழுதுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது.

அரசு அவருக்குப் பரம்வீர் சக்கரம் அளித்தது. 1971 போரில் அவ்விருதைப் பெற்ற நால்வரில் கிழக்கு முனையில் போரிட்டவர் இவர் ஒருவரே. 2000இல் அவர் படத்துடன் அஞ்சல்தலை வெளிவந்தது. ராஞ்சியின் நடுவே ஒரு நாற்சந்தியும், 2023 முதல் அந்தமானில் ஒரு தீவும் அவர் பெயரைத் தாங்குகின்றன.

ஆனால் அவருடைய உடல் ஊருக்கு வரவில்லை. அகர்தலாவுக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டது. கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றக்கூட வாய்ப்பில்லாமல் அந்தக் குடும்பம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. லீவன்ஸ் அடிகளாரின் எச்சங்கள் இறந்து நூறாண்டு கழித்து, 1993இல் ராஞ்சிப் பேராலயத்துக்குக் கொண்டுவரப்பட்டன. ஆல்பர்ட்டுக்கோ, அடக்கம் செய்த இடத்திலிருந்து எடுத்த மண் மட்டுமே வெகுகாலம் கழித்து ஜார்க்கண்ட் வந்து சேர்ந்தது.

வருகிற நவம்பர் 2ஆம் நாள் நம் கல்லறைத் தோட்டத்தில் மரித்தோர் பெயர்களை வாசிக்கும்போது ஆல்பர்ட்டின் பெயரையும் சேர்க்குமாறு பங்குத் தந்தையிடம் கேட்டுள்ளோம். அவர் கையால் மடிந்த, நமக்குப் பெயர் தெரியாத அந்த நால்வரையும் சேர்த்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம்.