தீர்ப்புக்குப் பின் தொடங்கும் வழக்கு

மார்க்கையன்கோட்டையின் நெல்வயல்கள் முல்லைப் பெரியாற்று நீரால் விளைபவை. நடவும் களையெடுப்பும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை; பட்டாவிலோ பெரும்பாலும் ஆணின் பெயர். மணவாழ்வு முறிந்தால் அவ்வயலில் மனைவிக்குப் பங்குண்டா என நாம் கேட்டால், சட்டம் தரும் விடை மிகக் குறுகியது.

சென்னை மாகாணத்தில் 1949ஆம் ஆண்டுச் சட்டம் இந்துக்களுக்கு மணவிலக்கை வழங்கியது. 1955ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டமோ, தன் 27ஆம் பிரிவில், திருமணத்தையொட்டி அளிக்கப்பட்டு இருவருக்கும் பொதுவான பொருள்களைப் பற்றி மட்டுமே பேசிற்று. பின்னர் வாங்கிய நிலம் அதனுள் அடங்காது. சீதனம் பெண்ணின் தனியுடைமை என்பதை உச்ச நீதிமன்றம் 1985இல் உறுதிசெய்தது. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், மணவிலக்கு சாராத சொத்து வழக்கொன்றில், இல்லத்தரசியின் உழைப்பும் சொத்துச் சேர்ப்பில் பங்களிப்பே என்றது.

ஆயினும் தீர்ப்பு வேறு, வயல் வேறு. வழக்காடியின் இன்னல் தீர்ப்பாணை பெற்ற பின்னரே தொடங்குகிறது என்பதை 1872இலேயே பிரிவி கவுன்சில் கண்டுரைத்தது. பாகப்பிரிவினையில் முதல்நிலைத் தீர்ப்பாணை பங்கைச் சொல்லும். ஆணையர் வந்து அளப்பார். இறுதித் தீர்ப்பாணை எல்லை வகுக்கும். அதன்பின் நிறைவேற்று மனு. அமீனா வந்து சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும். மனுவுக்குக் காலவரம்பு 12 ஆண்டுகள். இடையில் விளையும் ஒவ்வொரு போகமும் வயலைக் கையில் வைத்திருப்பவரின் களத்துக்கே போகும். அவ்வருவாயையும் அவள் கேட்டுத்தான் பெற வேண்டும்.

உரிமையைப் புதிதாய் எழுதிய நாம், அதை அவள் கையில் சேர்க்கும் வேலையை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திடமே விட்டுவைத்திருக்கிறோம்.