பன்றி ரெட்ரோவைரசு எதிர்ப்பு மருந்துகள்

பன்றியின் இதயம், சிறுநீரகம் முதலிய உறுப்புகளை மனிதருக்குப் பொருத்தும்போது, அவற்றுடன் வரக்கூடிய ரெட்ரோவைரசு மனித உயிரணுக்களில் தொற்றுவதைத் தடுக்கப் பயன்படலாம் எனக் கருதப்படுபவை பன்றி ரெட்ரோவைரசு எதிர்ப்பு மருந்துகள் ஆகும். எச்.ஐ.வி.க்கு எதிராக உருவாக்கப்பட்ட மருந்துகளே இதற்காக ஆய்வகங்களில் சோதிக்கப்பட்டுள்ளன.

== வைரசின் இயல்பு ==

பன்றிகளிடம் உள்ள ஏனைய வைரசுகளைக் கவனமான வளர்ப்பினாலும் சோதனையினாலும் விலக்கலாம். 2022 சனவரியில் அமெரிக்காவின் மேரிலாந்தில் பன்றி இதயம் பொருத்தப்பட்டு, இரண்டு மாதங்களில் இறந்தவரிடம் காணப்பட்ட பன்றி சைட்டோமெகலோவைரசு அத்தகையது. ரெட்ரோவைரசு அவ்வாறன்று. அது பன்றியின் டி.என்.ஏ.விலேயே பல படிகளாகப் பதிந்து, குட்டிகளுக்கு மரபுவழி செல்கிறது. பண்ணை எவ்வளவு தூய்மையாக இருப்பினும் அது நீங்காது.

இதில் ஏ, பி, சி என மூன்று வகைகள் உள்ளன. ஏ, பி வகைகள் மனித உயிரணுக்களிலும் தொற்றக்கூடியவை. சி வகை பன்றி உயிரணுக்களில் மட்டுமே தொற்றும். எனினும் ஏ வகையுடன் கலந்து வீரியம் மிக்க கலப்பினம் உருவாகலாம். ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட மனித உயிரணுக்களில் இவ்வைரசு தொற்றுவதை ராபின் வைசு குழுவினர் 1997 இல் வெளியிட்டனர். ஆனால் உயிருள்ள பன்றித் திசுவால் சிகிச்சை பெற்ற 160 பேரை ஆராய்ந்து 1999 இல் வெளியான ஆய்வில் எவரிடமும் தொற்று காணப்படவில்லை. எனினும் உறுப்பு பெற்றவர் நோயெதிர்ப்பை அடக்கும் மருந்துகளைத் தொடர்ந்து உட்கொள்வதால், ஐயம் முற்றிலும் நீங்கவில்லை.

== மருந்துகள் ==

1987 இல் எயிட்சு நோய்க்கு முதன்முதலாக ஏற்கப்பட்ட சிடோவுடின், பன்றி வைரசின் எதிர்ப்படியெடுப்பு நொதியையும் தடுக்கிறது. வைரசு டி.என்.ஏ.வை மனித டி.என்.ஏ.வுடன் இணைக்கும் நொதியைத் தடுக்கும் ரால்டெகிராவிர், டொலுடெகிராவிர் ஆகியனவும் ஆய்வகத்தில் நல்ல பலன் தந்துள்ளன. நெவிரபின் பயன் தரவில்லை, எச்.ஐ.வி.யின் புரதச்சிதைப்பு நொதியைத் தடுக்கும் மருந்துகளும் பெரும்பாலும் அவ்வாறே. இரு வைரசுகளும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும் அவற்றின் நொதிகள் வேறுபடுவதே காரணம்.

== வரம்புகள் ==

பயன் தரும் இம்மருந்துகள், வைரசு புதிய உயிரணுவில் நுழைந்தபின் அதன் டி.என்.ஏ.வில் பதிவதையே தடுக்கின்றன. பொருத்தப்பட்ட உறுப்பிலோ அது முன்னரே பதிந்துள்ளது. அங்கிருந்து புதிய வைரசுகள் வெளிவருவதை இவை நிறுத்தா. ஆகவே உறுப்பு உடலில் உள்ளவரை மருந்து தேவைப்படலாம். சிடோவுடினோ எலும்பு மச்சையைப் பாதித்து இரத்தசோகையை உண்டாக்கவல்லது. நோயெதிர்ப்பை அடக்கும் சில மருந்துகளுக்கும் இத்தீங்கு உண்டு என்பதால் இரண்டையும் சேர்த்துத் தருவது எளிதன்று.

== மரபணுத் திருத்தம் ==

வைரசை மூலத்திலேயே செயலிழக்கச் செய்வது மாற்று வழியாகும். 2015 இல் ஜார்ஜ் சர்ச் குழுவினர் கிரிசுப்பர் முறையில் பன்றி உயிரணு வகையொன்றில் இருந்த 62 படிகளையும் செயலிழக்கச் செய்தனர். 2017 இல் இவ்வாறு திருத்தப்பட்ட குட்டிகள் பிறந்தன. 2024 மார்ச்சில் பாசுடனில் பொருத்தப்பட்ட சிறுநீரகம் இவ்வகைப் பன்றியினுடையது. மேரிலாந்தில் இதயம் தந்த பன்றியில் 10 மரபணு மாற்றங்கள் செய்யப்பட்டிருந்தும், இவ்வைரசு செயலிழக்கச் செய்யப்பட்டிருக்கவில்லை.