மென்பொருள் பயனர் குழுக்கள்

ஒரே கணிப்பொறியையோ இயங்குதளத்தையோ நிரல்மொழியையோ கையாள்பவர்கள் குறித்த நாளில் குறித்த இடத்தில் கூடி, தாம் கற்றதைக் கட்டணமின்றிப் பகிர்ந்துகொள்ளும் உள்ளூர் அமைப்பைப் பயனர் குழு என்பர். கணிப்பொறி நிறுவனங்கள் நடத்தும் அறிமுக விழா, வேலைக்கு ஆள் சேர்க்கும் முகாம், பணம் வாங்கிக்கொண்டு நடத்தும் பயிற்சி வகுப்பு ஆகியவை இதில் அடங்கா. தலைவர், செயலாளர், சந்தா என்ற சங்க ஏற்பாடு பல குழுக்களில் கிடையாது. கூட்டம் தவறாமல் நடக்க இரண்டு மூன்று பேர் பொறுப்பெடுத்துக்கொள்வார்கள்; வந்து அமர்பவர் எல்லாரும் உறுப்பினரே. தமிழ்நாட்டில் இதற்கு நல்ல சான்று, 1998 ஜனவரி முதல் இயங்கிவரும் ‘இந்திய லினக்ஸ் பயனர் குழு, சென்னை’. காஞ்சிபுரம், விழுப்புரம் போன்ற சிறு நகரங்களிலும் பின்னர் குழுக்கள் எழுந்தன. சேலம், நாமக்கல் சமவெளியில் பொறியியல் கல்லூரிகள் பெருகிய அளவுக்கு இந்தப் பழக்கம் வேரூன்றவில்லை. அதற்கான காரணங்கள் ஆராயத்தக்கவை.

தோற்றம்

1955 ஆகஸ்டில் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் வட்டாரத்தில், ஐபிஎம் 704 கணிப்பொறியை வாங்கவிருந்த நிறுவனங்களின் நிரலர்கள் கூடி ‘ஷேர்’ என்ற குழுவை அமைத்தனர். அவர்களில் பலர் வானூர்தி கட்டும் நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள். சந்தையில் ஒருவருக்கொருவர் நேர்ப் போட்டி. ஆனாலும் எண்களை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவுக்கு மாற்றுவது, விடையை அச்சுக்கு அனுப்புவது போன்ற அடிப்படை நிரல்களை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே எழுதிக்கொண்டிருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவரும் எடுத்தாளும்படி பொது நூலகமாக்கினார்கள். நான்கே ஆண்டுகளில், ஐபிஎம் 709 கணிப்பொறிக்கு ‘ஷேர் இயங்குதளம்’ என்ற பெயரிலேயே ஓர் இயங்குதளம் வந்தது. ஐபிஎம் மென்பொருளைத் தனிச்சரக்காக விலைவைத்து விற்பதாக அறிவித்தது 1969-இல்தான். மென்பொருளைத் தனிச்சரக்காக விற்கும் வணிகத்தைவிடப் பயனர் குழு மூத்தது. யாரும் திருத்தவும் பகிரவும் உரிமை தரும் கட்டற்ற மென்பொருளுக்காகப் பிற்காலத்தில் எழுந்த இயக்கத்தைப் புதுமை என்று கருதுவோர் இந்த வரிசையை நினைவில் கொள்ள வேண்டும்.

தனியாள் கணிப்பொறி வந்தபோது குழுக்களின் முகம் மாறியது. 1975 மார்ச் 5 அன்று கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், கார்டன் ஃபிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் கொட்டகையில் ‘ஹோம்புரூ கணிப்பொறி மன்றம்’ முதன்முறை கூடியது. ஸ்டீவ் வோஸ்னியாக் தம்முடைய முதல் ஆப்பிள் கணிப்பொறியைக் காட்டியதும், அதன் மின்சுற்று வரைபடத்தைப் பகிர்ந்ததும் இந்த மன்றத்தாரிடம்தான். யூனிக்ஸ் இயங்குதளத்தின் பயனர்களும் அந்தக் காலத்தில் கூடத் தொடங்கினார்கள். 1983-இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்தார். 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற இயங்குதளக் கருவை வெளியிட்டார். இந்த இரண்டும் சேர்ந்த இயங்குதளத்தை நிறுவித்தர எந்த விற்பனையாளரும் ஊர் ஊராக ஆள் வைத்திருக்கவில்லை. அந்த வேலையை உலகெங்கும் லினக்ஸ் பயனர் குழுக்கள் ஏற்றன.

சென்னைக் குழு

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்ட் 15-இல் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். வழியாகக் கிடைத்தது. தொலைபேசி வழி இணைப்பில் ஓர் இயங்குதளத்தை முழுதாக இறக்குவது நடைமுறையில் இயலாத காரியம். 1996-இல் ‘பிசி குவெஸ்ட்’ இதழ் லினக்ஸைக் குறுவட்டில் பதித்து இதழோடு கொடுத்தது. இந்தியாவில் பலர் லினக்ஸைத் தொட்டது அப்படித்தான். வட்டு கைக்கு வந்துவிட்டாலும் நிறுவுவது எளிதாக இல்லை. திரைக்கும் மோடத்துக்கும் அச்சுப்பொறிக்கும் அமைப்புக் கோப்புகளைக் கையால் திருத்த வேண்டும். கணிப்பொறியின் வன்வட்டைப் பிரிக்கும்போது தவறினால் வீட்டில் இருந்த ஒரே கணிப்பொறியின் கோப்புகள் அழிந்துபோகும். ஏற்கெனவே ஒருமுறை செய்தவர் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் பலருக்குத் துணிவு வந்தது.

சென்னைக் குழு வளர்ந்தது இந்தத் தேவையில். மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை, ஐஐடி மெட்ராஸ் வளாகத்தில் கஜேந்திரா சர்க்கிளுக்கு அருகிலுள்ள வானூர்திப் பொறியியல் துறை வகுப்பறையில் கூடுவது அதன் வழக்கமாயிற்று. ஒருவர் அல்லது இருவர் பேசுவார்கள், கேள்விகள் வரும், பிறகு வராந்தாவில் நின்றபடி பேச்சு தொடரும். அந்த ஐஐடியில் இடம் கிடைக்காத மாணவரும் அதே வகுப்பறையில் அமர்ந்து கேட்கலாம், அடுத்த மாதம் கரும்பலகையின் முன் நின்று பேசவும் செய்யலாம். இந்தக் குழு செய்த பணிகளில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது இதுதான். பைத்தான் மொழிக்கான ‘சென்னைப்பை’ குழு பின்னர் தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் நான்காம் சனிக்கிழமை என்று தன் நாளை வகுத்துக்கொண்டது.

குழுவின் முன்னோடிகளில் கென்னத் கொன்சால்வஸ் குறிப்பிடத்தக்கவர். உதகமண்டலத்தில் வாழ்ந்துகொண்டே சென்னைக் குழுவிலும் இந்தியப் பைத்தான் சமூகத்திலும் ஓயாது உழைத்தவர். பெருநகரில் இருந்தால்தான் இத்துறையில் பங்களிக்க முடியும் என்ற எண்ணத்துக்கு அவர் வாழ்க்கையே மறுப்பு. 2012-இல் அவர் மறைந்தபின், இந்தியப் பைத்தான் மென்பொருள் கழகம் அவர் பெயரில் ஆண்டுதோறும் விருது வழங்கிவருகிறது.

அரசும் இந்தப் பக்கம் திரும்பியது. 2005-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து நடத்தக் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைந்தது. 2007-இல் சி-டாக் ‘பாஸ்’ என்ற தன் லினக்ஸ் வகையை வெளியிட்டது. அதே காலத்தில் சி. உமாசங்கர் தலைமையில் தமிழ்நாடு அரசின் எல்காட் நிறுவனம் தன் கணிப்பொறிகளைச் சூசே லினக்ஸுக்கு மாற்றியது.

சேலம், நாமக்கல் சமவெளி

சேலத்தில் தொழிற்கல்வி பழையது. தியாகராஜர் பாலிடெக்னிக் 1958-இலும் அரசு பொறியியல் கல்லூரி 1966-இலும் தோன்றின. திருச்செங்கோட்டில் கே.எஸ்.ஆர். தொழில்நுட்பக் கல்லூரி 1994-இலும் சேலத்தில் சோனா தொழில்நுட்பக் கல்லூரி 1997-இலும் வந்தன. நாமக்கல் தனி மாவட்டமானதும் பெரியார் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டதும் அதே 1997-இல். அதன்பின் ராசிபுரம், சங்ககிரி, நாமக்கல் சாலைகளில் கல்லூரிகள் நெருக்கமாக எழுந்தன. ஆனால் படிப்பு முடித்தவர் வேலைக்குப் பேருந்து ஏறுவது பெங்களூருக்கோ சென்னைக்கோ கோவைக்கோதான். சேலத்திலிருந்து பெங்களூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர், சென்னை 340 கிலோமீட்டர். ஒரு சனிக்கிழமைக் கூட்டத்துக்காக மாதாமாதம் போய்வர மாணவர் கையில் காசும் இருக்காது, வீட்டில் அனுமதியும் கிடைக்காது.

வட்டு கிடைப்பது இங்கே நெடுநாள் தடையாக இருக்கவில்லை. 2004-இல் வெளிவந்த உபுண்டு லினக்ஸ், கேட்டவர் முகவரிக்குக் குறுவட்டைத் தபாலில் இலவசமாக அனுப்பியது. 2011 வரை இந்த ஏற்பாடு நீடித்தது. தபால்காரர் வரும் எந்த ஊருக்கும் இயங்குதளம் வந்தது. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. எடப்பாடியிலும் கொல்லிமலை அடிவாரத்திலும் அரசுப் பள்ளி மாணவர் வீட்டில் முதன்முதலாக நுழைந்த கணிப்பொறிக்குள்ளேயே, நிரல் எழுதத் தேவையான கருவிகள் இலவசமாக இருந்தன. அவற்றை எப்படித் திறப்பது, எதற்குப் பயன்படுத்துவது என்று சொல்ல ஊரில் ஆள் வேண்டியிருந்தது. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய ‘ஐடி அட் ஸ்கூல்’ திட்டம் கட்டற்ற மென்பொருளைப் பள்ளிக்குள் கொண்டுபோனபோது ஆசிரியர்களை முதலில் பயிற்றுவித்தது. அங்கே பயனர் குழுக்களும் வலுவாக இருந்தன. தமிழ்நாட்டில் நாம் மடிக்கணினியைக் கொடுத்தோம். உடன் உட்கார ஆள் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் ஒரு பயனர் குழு இருந்திருந்தால் அந்த மடிக்கணினிகள் இன்னும் எத்தனையோ நிரலர்களை உருவாக்கியிருக்கும் என்றே கருதுகிறேன்.

கல்லூரிகளுக்குள் கணிப்பொறி மாணவர் மன்றங்கள் உண்டு. அவை நல்ல பணி செய்கின்றன. ஆனால் ஊர்க்குழுவின் இடத்தை நிரப்ப மாட்டா. ஆர்வமுள்ள ஒரு வகுப்பு மன்றத்தை உயிர்ப்பிக்கும், நான்காம் ஆண்டில் வேலைவாய்ப்புத் தேர்வுகளில் மூழ்கும், தேர்ச்சி பெற்றுப் போய்விடும். அடுத்த வகுப்பு முதலிலிருந்து தொடங்க வேண்டும். வளாகத்தின் வாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள். பக்கத்துக் கல்லூரி மாணவர் உள்ளே வர முடியாது, டிப்ளமா முடித்துக் கடையில் கணிப்பொறி பழுதுபார்ப்பவர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. ஊர்க்குழுவில் இவர்கள் எல்லாரும் ஒரே அறையில் இருப்பார்கள். பத்தாண்டு வேலை அனுபவமுள்ளவர் தான் தூக்கிப்போட்ட நிரலைப் பற்றிப் பேசுவார்; தேர்வுக்காகப் படிக்கும் மாணவர் அந்தப் பேச்சைக் கேட்பார். பாடநூலில் சரியான விடை இருக்கும். எந்த வழியில் போனால் சிக்குவோம் என்பது சிக்கியவர் வாயிலிருந்துதான் வரும்.

போட்டியாளர்கள் கூடி உட்காருவது இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. ஜவ்வரிசி ஆலைக்காரர்கள் இடைத்தரகரின் பிடியிலிருந்து விடுபட 1981-இல் சேலத்தில் ‘சேகோசர்வ்’ கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தொழிலைப் பார்த்தே கற்பதும் இங்கே பழக்கம்தான். திருச்செங்கோட்டின் ரிக் வண்டிகள் இந்தியாவெங்கும் போய் ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் தொழில் பட்டறைக்குப் பட்டறை கைமாறி வளர்ந்தது. எந்தக் கல்லூரியும் இந்தத் தொழில்நுட்பங்களைக் கற்றுக்கொடுக்கவில்லை. பக்கத்துப் பட்டறையில் நின்று பார்த்தவர் தானே ஒரு பட்டறை போட்டார். நிரல் எழுதும் தொழிலும் அப்படிப் பரவக்கூடியதுதான். பக்கத்தில் போய் நிற்கப் பட்டறை போல ஒரு பொது இடம் மட்டும் வேண்டும். வேலைக்கும் இங்கே குறைவில்லை. லாரி புக்கிங் அலுவலகத்தின் கணக்கு, கோழிப்பண்ணையின் தீவனக் கணக்கு, நாள்தோறும் மாறும் முட்டை விலை, ஜவ்வரிசி ஏலம் ஆகியவற்றுக்கெல்லாம் மென்பொருள் தேவை. அந்தத் தொழிலைச் சிறுவயது முதல் பார்த்த உள்ளூர் நிரலர் தொலைவிலிருந்து எழுதுபவரைவிட நன்றாக எழுதுவார்.

சிறு நகரக் குழுக்கள், தமிழ்

விழுப்புரத்தின் குனு/லினக்ஸ் பயனர் குழு ஊர்ப்புற மாணவர்களுக்கு நிரலாக்கப் பயிற்சியைப் பெருநகர உதவியை எதிர்பாராமல் நடத்திவருகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் இணையவழியில் தமிழில் உரையாடுகிறது. 2020-இல் பெருந்தொற்று நேரடிக் கூட்டங்களை நிறுத்தியபோது சென்னைக் குழுவும் ஜிட்சி என்ற காணொலி மென்பொருள் வழியாகக் கூடியது. சேலத்திலோ பரமத்தி வேலூரிலோ இருப்பவருக்கு இதனால் கதவு திறந்தது உண்மை. ஆனாலும் திரையில் கேட்பவர் பெரும்பாலும் கேட்பவராகவே நின்றுவிடுகிறார். முன்பின் பேசியிராத மாணவி எழுந்து தன் நிரலைக் காட்டுவதற்கு, அவளைத் தூண்டும் முகங்கள் நேரில் இருக்க வேண்டும்.

மொழியும் இதில் பெரும் பங்கு வகிக்கிறது. பள்ளி வரை தமிழில் படித்து வந்தவர் ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் வாய்திறக்கத் தயங்குவார். தயங்கினால் கேள்வி வராது, கேள்வி வராவிட்டால் குழுவினால் அவருக்குப் பயனில்லை. இந்தக் குழுக்களோடு சேர்ந்து வளர்ந்த த. சீனிவாசன் 2012 ஜனவரியில் ‘கணியம்’ மின்னிதழைத் தொடங்கினார். லினக்ஸ், மைசீக்வல், பைத்தான் பற்றிய எளிய தமிழ்க் கட்டுரைகளும் நூல்களும் அதன் வழியாக யாரும் படியெடுத்துப் பரப்பத்தக்க உரிமத்தில் வெளிவந்தன. து. நித்யா எழுதிய ‘எளிய தமிழில் மைசீக்வல்’ அவற்றுள் ஒன்று. ஊர்க்கூட்டத்தில் தமிழில் பேசப்போகும் ஒருவருக்கு வேண்டிய கலைச்சொல்லும் எடுத்துக்காட்டும் இப்போது கையில் இருக்கின்றன.

2024 செப்டம்பரில் சேலம் கருப்பூரில் மினி டைடல் தகவல்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. அரசு பொறியியல் கல்லூரியும் பெரியார் பல்கலைக்கழகமும் அதே பகுதியில் உள்ளன; கூடுவதற்கு இடமும் ஆளும் அங்கே அருகருகே இருக்கின்றன. மாதம் ஒரு சனிக்கிழமை பிற்பகல், அடையாள அட்டை கேட்காத ஒரு கூடம், புரொஜெக்டர் ஒன்று, ஓராண்டுக்குத் தவறாமல் வந்து கதவைத் திறப்பதாக ஒப்புக்கொள்ளும் இருவர் ஆகியவை ஊர்க்குழு தொடங்கப் போதும்.