புலவர் புரத்தலினின்று மாணவர் புரத்தலுக்கு: பாண்டித்துரைத் தேவரின் கல்விக்கொடை

தமிழிலக்கிய வரலாறு எழுதுவோர் புரவலரைப் பற்றிக் கூறுமிடத்து, அவர் எப்புலவரை ஆதரித்தார், எந்நூலை அச்சேற்ற உதவினார் என்னும் இரண்டனையே பெரும்பாலும் ஆராய்கின்றனர். இன்னும் புலவனாகாது பயின்றுகொண்டிருக்கும் மாணவனுக்கு அவர் யாது செய்தார் என்னும் வினா அருகியே எழுகின்றது. பாலவநத்தம் குறுநிலமன்னர் பொ. பாண்டித்துரைத் தேவரை மதிப்பிடுதற்கு இம்மூன்றாம் வினாவே இன்றியமையாதது என்பது நம் கருத்து. அதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதற்கண் பழைய முறையை நோக்குவோம். பாரியின் கொடையைப் பெற்றவர் கபிலர். அதியமானின் கொடையைப் பெற்றவர் ஔவையார். இருவரும் கல்வி நிரம்பியவர்கள். கொடை என்பது முற்றிய புலமைக்கு அளிக்கப்பெற்ற சிறப்பு. கற்கும் பருவத்தினனோ ஆசிரியர் ஒருவரைத் தேடியடைந்து, அவர் இல்லத்திலோ மடத்திலோ உண்டு பயின்றான். திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் பாடங்கேட்டது இம்முறையின் பிற்கால விளக்கமாகும். இம்முறை பெரும்புலவர்களைத் தந்தது உண்மையே. ஆயினும் அது இடத்தையும் ஆளையும் சார்ந்து நின்றது. நல்லாசிரியரோ மடமோ அணுக இயலாத ஊரிற் பிறந்தவனுக்கு அவ்வாயில் அடைபட்டேயிருந்தது. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றிய பின்னர் ஆங்கிலக் கல்விக்குப் படிமுறையும் பட்டமும் வாய்த்தன. தமிழ் மட்டுமே கற்றவனுக்கோ அவன் கற்றதை உலகறியச் செய்யும் சான்று ஒன்றும் இருந்திலது.

இச்சூழலில் 1867இல் தேவர் பிறந்தார். இவர் தந்தையார் பொன்னுசாமித் தேவர், ஆறுமுக நாவலரின் பதிப்புப் பணிக்குத் துணைநின்றவர். தனிப்பாடல்கள் திரட்டப்பெறுவதற்கும் காரணராயிருந்தவர். அவர் 1870இல் மறைந்தார். எனவே மூன்று வயதுக் குழவியாகிய பாண்டித்துரைக்குத் தந்தையிடமிருந்து நேரே கற்கும் பேறு கிட்டவில்லை. எனினும் அவர் விட்டுச் சென்ற மரபு கிட்டிற்று. இளமையில் தேவர் செய்த உதவிகள் அம்மரபின் வழிப்பட்டனவே. சாமிநாதையர் 1898இல் மணிமேகலையை வெளியிடத் துணைபுரிந்தமை அவற்றுள் ஒன்று.

மாற்றம் நிகழ்ந்தது 1901இல் ஆகும். தேவர் மதுரையிற் சொற்பொழிவாற்ற வந்தபோது திருக்குறளும் கம்பராமாயணமும் வேண்டினாரென்றும், தேடியும் அவை அந்நகரிற் கிடைக்கவில்லையென்றும், அவ்வருத்தமே சங்கம் காணத் தூண்டிற்றென்றும் வரலாறு கூறுவர். இச்செய்தி சொல்லுக்குச் சொல் மெய்யோ, வழிவழி கூறப்பட்டு வளர்ந்ததோ என்று நாம் வாதிட வேண்டுவதில்லை. அதன்பின் தேவர் செய்தது யாது என்பதே ஆராயத்தக்கது. நூல் கிடைக்கவில்லை என்பது மட்டுமே குறையாயின், நூல்களை வாங்கி வைத்தலோடு அமைந்திருக்கலாம். அவர் அவ்வளவில் நின்றாரல்லர். 1901 செப்டம்பர் 14இல், இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதியின் துணையோடு, மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். நூல்களைத் திரட்டப் பாண்டியன் புத்தகசாலையும், அச்சிட அச்சகமும், ஆராய்ச்சியை வெளியிட 1902இல் 'செந்தமிழ்' என்னும் திங்களிதழும், பயிற்றுதற்குச் சேதுபதி செந்தமிழ்க் கலாசாலையும், பயின்றாரை அளந்தறியத் தேர்வுகளும் அமைந்தன. நூலின்மையைக் கற்பார் இன்மையின் விளைவாக அவர் கண்டார் என்பது இவ்வமைப்பாற் புலனாகின்றது.

இவற்றுள் 'செந்தமிழ்' இதழின் பெருமையை அறிஞர் பலரும் பேசியுள்ளனர். இரா. இராகவையங்காரும் மு. இராகவையங்காரும் அதன் ஆசிரியராக விளங்கினர். ஆதலின் அதனை விடுத்து, மாணவர்க்கென அமைந்த இரண்டினையே ஈண்டு நோக்குவோம். கலாசாலை மாணவர்க்கு உணவும் உறையுளும் உதவித் தமிழ் கற்பித்தது. பழைய மடங்கள் செய்த அறமே இது. எனினும் ஓராசிரியரைச் சாராது ஒரு நிறுவனத்தைச் சார்ந்து நின்றமையின், ஆசிரியர் மாறினும் கல்வி மாறாது தொடர வழி பிறந்தது.

தேர்வுகளோ இதனினும் புதுமையுடையன. பிரவேச பண்டிதம், பால பண்டிதம், பண்டிதம் என அவை மூன்று படியாக வகுக்கப்பெற்றன. கலாசாலையில் தங்கிப் பயிலாதவரும் அவற்றை எழுதலாம். இவ்விதி சிறியதாகத் தோன்றினும் இதன் பயன் பெரிது. உணவும் உறையுளும் மதுரைக்கு வந்து சேர்ந்தவர்க்கே உதவும். தேர்வோ வர இயலாதவரையும் தேடிச் சென்றது.

இதற்குச் சிறந்த சான்று ந. மு. வேங்கடசாமி நாட்டார் ஆவர். தஞ்சை மாவட்டத்து நடுக்காவேரியில் 1884இல் உழவர் குடியிற் பிறந்த இவர், ஊர்ப்பள்ளிப் படிப்புக்குப்பின் கல்லூரியெதனையும் சாராது தாமே இலக்கண இலக்கியங்களைக் கற்றவர். 1905, 1906, 1907 ஆகிய மூன்றாண்டுகளில் சங்கத்தின் மூன்று தேர்வுகளையும் முறையே எழுதித் தேறித் தங்கத்தோடா பரிசாகப் பெற்றார். இப்பரிசினை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். பொன் தோடா அரசவையிற் பாடி அரங்கேற்றிய புலவர்க்கு மன்னர் அணிவிக்கும் சிறப்பு. அதுவே ஈண்டுத் தேர்வெழுதிய ஓர் இளைஞனுக்கு அளிக்கப்பெறுகின்றது. பரிசிற்பொருள் பழையது, பெறுவோன் புதியவன். புலவர் புரத்தல் மாணவர் புரத்தலாக மாறியதை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

அப்பட்டத்தின் வழியே நாட்டார் திருச்சிராப்பள்ளியிற் கல்லூரித் தமிழாசிரியரானார். பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். இறுதியிற் கரந்தைப் புலவர் கல்லூரியில் ஊதியம் பெறாத முதல்வராயிருந்து 1944இல் மறைந்தார். பரிசில் பெற்றவன் பெறாதவனை வழிப்படுத்தல் ஆற்றுப்படை மரபு. நாட்டார் செய்தது அதனினும் ஒருபடி மேற்பட்டது: தாம் மாணவராயிருந்து பெற்றதனை மாணவர்க்கே ஆசிரியராக நின்று திருப்பியளித்தார். மற்றொன்றும் கருதத்தக்கது. தேவர் துணையால் 1898இல் வெளிவந்த மணிமேகலைக்குப் பிற்காலத்தே உரைகண்டவர் இந்நாட்டாரே. அவர் விட்ட எஞ்சிய பகுதியை ஔவை சு. துரைசாமிப் பிள்ளை நிறைவு செய்தார். நூலுக்கு அளித்த கொடையும் மாணவனுக்கு அளித்த கொடையும் அவ்வுரையில் ஒன்றுகூடின.

தேவரின் வாழ்நாள் 1911இல் முடிந்தது. இடைப்பட்ட பத்தாண்டில் அவர் பிற அறங்களையும் மறந்திலர். 1906இல் வ. உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பற் கம்பெனிக்குத் தலைவராயிருந்து பொருளுதவினார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவரவும் துணையாயினார். எனினும் இவற்றினும் நீண்டு நின்றது மாணவர்க்குச் செய்த ஏற்பாடே. அவர் மறைந்து பதின்மூன்றாண்டு கழிந்தபின், 1924இல், ஞா. தேவநேயப் பாவாணர் சங்கத்தின் பண்டிதத் தேர்வில் தேறினார். தம்மைக் கண்டறியாத ஒருவருக்கும் தேவரின் கொடை சென்று சேர்ந்தது. கொடையாளியின் வாழ்நாளோடு முடியாமையே நிறுவனக் கொடையின் இலக்கணம்.

இங்கு ஒரு தடை எழக்கூடும். இக்கொடையின் வேர் குறுநில வருவாய். அவ்வருவாயின் வேர் உழவர் உழைப்பு. அங்ஙனமாகப் புரவலனை மட்டும் புகழ்தல் முறையோ எனின், அது தக்க வினாவே. நாம் இதனை மறுக்கவில்லை. அன்றியும், புரவலர் பொருளளித்தாரேனும் அதனைக் கல்வியாக்கியவர் அரசஞ்சண்முகனார், திரு. நாராயணையங்கார் முதலாய ஆசிரியன்மார் என்பதனையும் உடன்கூறல் வேண்டும். ஆயினும் உழவர் தந்த பொருள் அரண்மனையில் நின்றுவிடாது ஓர் உழவர் மகனுக்குத் தோடாவாகத் திரும்பி வந்தது என்பதும் வரலாறே. அப்பொருளுக்கு அவ்வழியை வகுத்ததே தேவரின் தனிச்சிறப்பு.

ஆகவே, பாண்டித்துரைத் தேவரைச் சங்ககால வள்ளல்களின் எச்சமாக மட்டும் காண்பது அவரைக் குறைத்துக் காண்பதாகும். முற்றிய புலமைக்குப் பரிசளித்தோர் அவர்க்கு முன்னும் பலர். முற்றாத புலமையை நம்பி, அது வளர்தற்கு இடமும் உணவும் நூலும் சான்றும் ஒருங்கே அமைத்தமையே அவர் செய்த புதுமை. இன்று தமிழ் கற்பார்க்கு உதவித்தொகை வழங்கும் அறநிலையங்களின் வரலாற்றை எழுதப் புகும் மாணவர், அதன் தொடக்க இயல்களில் ஒன்றை மதுரைச் சங்கத்தினின்று எழுதுவாராக.