யார் தூக்கிக்கொண்டு ஏறியது?

சித்தேரி மலையில், பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேலே போகும் ஒற்றையடிப் பாதை ஒன்றில் என் ஐந்து வயது மகளோடு ஏறிக்கொண்டிருந்தேன். ஏறினோம் என்பதைவிட, பாதித் தூரம் அவளைத் தோளில் சுமந்தேன் என்பதே சரி. எதிரே ஒரு பெண் இறங்கி வந்தார். முதுகில் பழம்புடவையால் கட்டிய குழந்தை, தலையில் சின்ன மூட்டை. மூச்சு வாங்க நின்ற என்னைப் பார்த்து அவரும் நின்றார்.

"என்ன சோலியா வந்தீங்கண்ணா?"

"சும்மாதாம்மா. உச்சி வரைக்கும் போய்ப் பாத்துட்டு வரலாம்னு."

"சும்மாவா? புள்ளயத் தூக்கிக்கினு யாராச்சும் சும்மா ஏறுவாங்களா?"

சிரித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். அவருடைய குழந்தைக்கு ரெண்டு நாளாகக் காய்ச்சல் என்பதும், அரூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறார் என்பதும் பின்னால் வந்த பெரியவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அந்தப் பெண் கேட்டது கிண்டலாக இருக்கலாம். எனக்கு அது ஒரு வரலாற்றுக் கேள்வியாகவே பட்டது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு 'சும்மா' மலை ஏறுகிற உடல் எப்போது உருவானது? அந்த 'சும்மா'வுக்கு யார் விலை கொடுத்தார்கள்?

உச்சியைத் தொடுவதே குறிக்கோள் என்கிற மலையேற்றம் மிகச் சமீபத்திய விஷயம். லண்டனில் ஆல்பைன் கிளப் தொடங்கப்பட்ட வருஷம் 1857. அதற்கு முன் மனிதர்கள் மலை ஏறவில்லையா என்ன? ஏறினார்கள். தேனுக்கு, மாட்டுக்கு, சாமிக்கு, எதிரிக்குப் பயந்து. ஆனால் எந்த ஏற்றம் வரலாற்றுப் பிரதிக்குள் நுழைகிறது, எது வெளியே நிற்கிறது என்பதுதான் பிரச்சினை. தகடூர் என்ற இந்தத் தருமபுரிக்கே வருவோம். அதியமான் நெடுமான் அஞ்சி மலைப்பிளவிலிருந்து அரிய நெல்லிக்கனி கொண்டுவந்து ஔவைக்குக் கொடுத்த கதை பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அரசன் ஏறியதாகச் சொல்லப்படுகிற மலை நினைவில் நிற்கிறது. அதே மலைகளின் அடிவாரங்களில் ஆநிரை மீட்டு மாண்டவர்களுக்கு நட்ட நடுகற்கள் தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கின்றன. வில்லும் வாளும் ஏந்திய ஆண்கள். இடுப்பில் பிள்ளையோடு மேட்டைக் கடந்தவளுக்கு நட்ட கல் ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை.

மலையாளிகள் என்று தங்களைச் சொல்லிக்கொள்ளும் இம்மலை மக்களின் சொந்தத் தோற்றக்கதையிலும் இந்த மௌனம் இருக்கிறது. (கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இவர்கள் பேசுவது தமிழ், மலையை ஆள்வதால் மலையாளி.) காஞ்சிபுரத்திலிருந்து மூன்று சகோதரர்கள் வந்தார்கள், பெரியண்ணன் சேர்வராயனுக்கும் மற்ற இருவர் கொல்லிக்கும் பச்சைக்கும் போனார்கள் என்று போகிற கதையை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளிவந்த தனது தொகுதிகளில் பதிந்திருக்கிறார். கரிராமன் என்ற சாமி கூடவே வந்ததையும் கதை மறக்கவில்லை. பிள்ளைகள் எப்படி வந்தார்கள்? யார் முதுகில்? கதை அதைச் சொல்வதில்லை. வாய்மொழியில் எல்லாமே விளிம்புநிலைக் குரல் என்று நாம் அவசரப்பட்டுக் கொண்டாடுவதற்கு முன் இதையும் யோசிக்கலாம்.

காலனியம் வந்தபோது மலை உச்சிக்குப் புதிய பயன் ஒன்று வந்தது. 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்புவிடமிருந்து பாராமகால் கம்பெனியிடம் போனது. அலெக்ஸாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் வந்து நிலத்தை அளந்தார்கள்; மன்றோ 1799 வரை இந்தப் பகுதியில்தான் இருந்தார். ரயத்துவாரிக்கு இங்கேதான் அடித்தளம் போடப்பட்டது. 1802இல் வில்லியம் லாம்டன் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து முக்கோண அளவையைத் தொடங்கியபின், குன்றுகளும் கோபுரங்களும் பார்வைக் கோபுரங்கள் ஆயின. உச்சியில் நின்றால் நாடு முழுக்கக் கண்ணுக்குள் வரும். கண்ணுக்குள் வந்தது கணக்குக்குள் வரும். அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியை மனிதர்கள் சுமந்தார்கள். சுமந்தவர்கள் பெயர் வரைபடத்தில் இல்லை. உலகத்தின் உயர்ந்த சிகரம் ஜார்ஜ் எவரெஸ்டின் பெயரைத் தாங்குகிறது. அவர் அதன் மேல் ஏறியதே இல்லை.

குழந்தையோடு மலை ஏறுவது என்பதும் காலனிய காலத்தில் ஒரு நிறுவனமாக மாறியது. சமவெளி வெயிலும் காய்ச்சலும் வெள்ளைக் குழந்தைகளைக் கொன்றன என்ற அச்சத்திலிருந்து பிறந்தவைதான் பாதி கோடை வாசஸ்தலங்கள். சேலம் கலெக்டர் காக்பர்ன் காப்பி கொண்டுபோன ஏற்காட்டுக்கு வண்டிச் சாலை வருவதற்கு முன், துரைசானியும் பிள்ளைகளும் டோலியிலும் நாற்காலியிலும் போனார்கள். அந்தக் குழந்தையும் மலை ஏறியது, கூலிகளின் தோளில். அந்தக் கூலிகளின் குழந்தைகள் அன்றைக்கு எங்கே இருந்தார்கள் என்று எந்த நாட்குறிப்பும் கேட்டதாகத் தெரியவில்லை.

இந்த 'டோலி' என்ற சொல்லை இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும். நம் பக்கத்தில் தூளி என்றால் பழைய புடவையில் கட்டிய தொட்டில், குழந்தை தூங்குவது. மலையூர்களில் அதே துணியை ஒரு கொம்பில் கட்டினால் அது ஆம்புலன்ஸ். பிரசவ வலி கண்டவளையோ பாம்பு தீண்டியவரையோ ரெண்டு பேர் தோள் கொடுத்து இறக்குவது. துரைசானியின் டோலி மியூசியத்துக்குப் போய்விட்டது. மலைக்காரர்களின் தூளி மட்டும் போகவில்லை.

பக்தியும் தன் பங்குக்கு மலையேற்றத்தை வளர்த்தது. அரூருக்குப் பக்கத்தில் தீர்த்தமலை. உச்சியில் தீர்த்தகிரீசுவரர். ராமர், குமார, கௌரி, அக்கினி, அகத்தியர் என்று ஐந்து தீர்த்தங்கள். முதல் மொட்டைக்கு வேண்டிக்கொண்ட குடும்பங்கள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு படி ஏறுகின்றன. அப்பா களைத்தால் மாமா, மாமா களைத்தால் பாட்டி. அதே மலைத்தொடரில் கிங்கும் புரூஸ் ஃபுட்டும் இரும்புக்கல் அடுக்குகளைப் பார்த்து நிலவியல் துறைக்கு எழுதினார்கள். ஒரே மலை, ஒருவருக்குத் தீர்த்தம், ஒருவருக்குக் கனிமம். பக்தியைப் பகுத்தறிவால் சாடுவது நம் பத்திரிகைகளுக்குப் பழக்கம்தான். ஆனாலும் மலையை விற்பனைப் பொருளாகப் பார்க்காத ஏற்றம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பாட்டியின் ஏற்றத்தைத்தான் சொல்வேன்.

1882 சென்னை வனச் சட்டம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. காடு 'ஒதுக்குக் காடு' ஆனது. ஆடு மேய்த்தால் குற்றம், விறகுச் சுமை குற்றம், பாதையில் நடப்பதே சந்தேகம். தலைமுறையாக ஏறி இறங்கியவர் அத்துமீறுபவராகக் கட்டமைக்கப்பட்டார். நூறு வருஷத்துக்குப் பின் அந்தச் சட்டத்தின் பார்வை என்ன செய்தது என்பதற்கு சித்தேரி மலையடிவாரத்திலேயே சாட்சி இருக்கிறது.

1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வாச்சாத்தி கிராமத்துக்குள் வனத்துறை, போலீஸ், வருவாய்த் துறை ஆட்கள் நுழைந்தார்கள். பிற்பாடு குற்றம் சாட்டப்பட்டவர்கள் மட்டும் 269 பேர்: வனத்துறை 155, போலீஸ் 108, வருவாய்த் துறை 6. ஊர்க்காரர்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். 18 பெண்களை ஏரிப் பக்கம் கொண்டுபோய் வன்புணர்ச்சி செய்தார்கள். வீடுகளை இடித்தார்கள், கிணற்றைக் கெடுத்தார்கள். 90 பெண்களையும் 28 குழந்தைகளையும் சேலம் சிறையில் அடைத்தார்கள். இருபத்தெட்டுக் குழந்தைகள். சந்தனம் கடத்தியவர்களாம்.

தப்பியவர்கள் எங்கே போனார்கள்? மலைக்கு. கையில் அகப்பட்ட பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினார்கள். அந்த இரவுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கீழே டார்ச் வெளிச்சம். மேலே ஜூன் மாதத்துக் காடு. பசிக்கிற குழந்தை அழாமல் இருக்க வேண்டும். அழுதால் எல்லோரும் மாட்டுவார்கள். எந்தப் பயண நூலிலும் இல்லாத மலையேற்றம் அது. உச்சி அங்கே காட்சிமுனை அல்ல, ஒளிவிடம். அதிகாரம் மேலிருந்து கண்காணிக்கும் என்று நாம் ஃபூக்கோவைப் படித்துச் சொல்கிறோம்; வாச்சாத்தியில் கண்காணிப்பு கீழே, ஊருக்குள் நின்றது. மக்கள்தான் மேலே, பாறைக்குப் பின்னால்.

இந்தக் கொடுமை வெளியே தெரிய வந்ததும் மலையிலிருந்துதான். அடுத்த மாதம் சித்தேரியில் மலைவாழ் மக்கள் சங்கத்தின் கூட்டம் நடந்தபோதுதான் விஷயம் பேசப்பட்டது. சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் நீதிமன்றம் போயின. 1995இல் உயர்நீதிமன்றம் சிபிஐ விசாரணைக்கு உத்தரவிட்டது. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம், உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. மற்ற 54 பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மேல்முறையீட்டை விசாரித்த நீதிபதி வேல்முருகன் ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு, 2023 செப்டம்பர் 29 அன்று தண்டனையை உறுதிசெய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா 10 லட்சம் தரச் சொன்னார். சம்பவம் நடந்து முப்பத்தோரு வருஷம். அன்றைக்கு இடுப்பில் இருந்த குழந்தைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும்.

அதே மலைகளில் சாலைப் பிரச்சினை. அரசநத்தமும் கலசப்பாடியும் பல பத்தாண்டுகளாகச் சாலை கேட்டன. பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரம் கழுதை மேல் போவதைத் தேர்தலுக்குத் தேர்தல் பத்திரிகைகள் அழகான போட்டோவாகப் போடுகின்றன. ஜனநாயகம் கழுதையில் ஏறுகிறது, நோயாளி தூளியில் இறங்குகிறார். வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை ஆஸ்பத்திரி போய்ச் சேர முடியாமல் இறந்தது. திரும்பும்போது ஆம்புலன்ஸ் பாதி வழியில் இறக்கிவிட, தாய் உடலைக் கையில் ஏந்தி நடந்தே ஏறினார்.

'காடு, அதனால் ரோடு போட முடியாது' என்பது வழக்கமான பதில். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராமசபை பரிந்துரைத்தால் சாலை, பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி போன்றவற்றுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான காட்டு நிலத்தை விடலாம், ஹெக்டேருக்கு 75 மரம் வரை வெட்டலாம் என்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் அந்தச் சட்டப்படி பட்டா கொடுப்பதே 2008 நீதிமன்ற உத்தரவால் முடங்கி, 2016 வரை கிடந்தது. சூழலியல் பேசுகிற நண்பர்கள் சிலர் சாலை வந்தால் ரிசார்ட் வரும் என்கிறார்கள். வரும்தான். அதற்காகக் காய்ச்சல்காரக் குழந்தையை முதுகில் கட்டி இறக்கு என்று சொல்லும் உரிமையை நமக்கு யார் தந்தது?

இதற்கிடையில் 'சும்மா' ஏறுவது அரசுத் திட்டமாகிவிட்டது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் 20க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபின் விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலைப்பாதைகளை இணையப் பதிவோடு திறந்தது. வழிகாட்டிகளாகப் பழங்குடி இளைஞர்களையே பயிற்றுவிக்கிறார்கள், அது நல்லதுதான். ஆனாலும் அத்துமீறல் என்று ஒரு காலத்தில் வழக்குப் போட்ட பாதைக்கு இப்போது டிக்கெட் கிழிக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நானும் என் மகளும் அந்த டிக்கெட்டுக்குரிய உடல்கள். அவளுக்குக் கால் வலித்தால் இறங்கிவிடலாம், பஸ் ஏறிவிடலாம்.

அன்று நாங்கள் உச்சிக்குப் போகவில்லை. பாதியில் அவள் தூங்கிவிட்டாள், திரும்பிவிட்டேன். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் காத்திருந்தபோது அரூரிலிருந்து வந்த வண்டியில் காலையில் பார்த்த அதே பெண் இறங்கினார். கையில் மருந்துப் பாட்டிலும் ரொட்டிப் பொட்டலமும்.

"காய்ச்சல் எப்பிடிம்மா இருக்கு?"

"ஊசி போட்டாங்கண்ணா. நாளன்னைக்கு மறுபடி வரச் சொல்லிக்கீறாங்க."

குழந்தையை முதுகில் மாற்றிக் கட்டிக்கொண்டு, முடிச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் ஏறத் தொடங்கினார்.